மஞ்சள் குடைக்காரியின் முதுகுப்புறம்

முப்பது ஆண்டுகள் லேத் இயந்திரத்தின் இரைச்சலில் வாழ்ந்தும் செவி மங்காதவரும், இன்று என் பேச்சைக் கேட்டு மங்கினால் அதற்கு நான் பொறுப்பில்லை என்று எனக்கு எழுதிக் கொடுத்துவிட்டவருமான, ஓய்வுபெற்ற ஃபோர்மேன், விழாத் தலைவர், தங்கதுரை ஐயா அவர்களே! முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி முதிர்ந்த அறிவோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஒரு வாரத் துணியை ஊறவைத்துவிட்டு, அது ஊறினால் ஊறட்டும் என்று உரை கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! ஓவர்டைமை ஒதுக்கிவிட்டு ஓடோடி வந்த உழைக்கும் தோழர்களே! தமிழ் மேடை என்று தெரிந்தும் தயங்காமல் வந்த கன்னட நண்பர்களே, தெலுங்கு உறவுகளே! வாசற்படியில் நின்றுகொண்டு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நீலச்சட்டைக்காரரே! வாருங்கள் ஐயா, வாருங்கள், மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேராக ஒரு நாற்காலி உங்களுக்காகவே காலியாக இருக்கிறது. உங்கள் அனைவருக்கும், ஸ்டோர்ஸ் சௌந்தரராஜன் என்று ஓசூர் சிப்காட்டின் இரண்டு கட்டங்களிலும் புகழோடு அறியப்பட்ட இந்தச் சிறியவனின் வணக்கங்கள்.

சிறியவன் என்று நான் சொல்வது அடக்கத்தால். அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் அதிகம் படித்தவன் அல்லன். ஒன்பதாம் வகுப்பு வரைதான். ஆனால் மற்றவர்கள் ஒன்பதாம் வகுப்பை ஒரு முறை படித்தார்கள். நான் மூன்று முறை படித்தேன். அந்த வகுப்பில் எனக்கு உள்ள ஆழம் பட்டதாரிகளுக்குக் கூடக் கிடையாது. அந்த ஆழத்திலிருந்து பேசுகிறேன்.

நீங்கள் இந்த மண்டபத்தின் சுவர்களைப் பார்க்கிறீர்கள். எத்தனை அட்டைகள்! எத்தனை வண்ணங்கள்! எத்தனை கண்கள், எத்தனை கைவளைகள்! ஐம்பத்தைந்தாம் ஆண்டு முதல் எண்பதாம் ஆண்டு வரை வெளிவந்த வார இதழ், மாத இதழ், தீபாவளி மலர், பொங்கல் மலர் எல்லாவற்றின் முகப்புகளும் இங்கே முகம் காட்டுகின்றன. மொத்தம் மூவாயிரம் அட்டைகள்.

என்ன? முந்நூற்றுப் பன்னிரண்டா? கேட்டீர்களா, நாலாவது வரிசையிலிருந்து குரல் வருகிறது. அது என் மனைவி பூங்கொடி. அவள் எண்ணிப் பார்த்தவள். நான் உணர்ந்து பார்த்தவன். உணர்ச்சிக்கு மூவாயிரம்.

ஏன் இந்த அட்டைகளைச் சேர்த்தேன்? இப்போது கணினியில் பொத்தானைத் தட்டினால் பத்தாயிரம் படம் வருகிறது. அதில் ஒரு தப்பு உண்டா? இருக்காது. அங்கே இரண்டாவது தூணில் அறுபத்திரண்டாம் ஆண்டுத் தீபாவளி மலரைப் பாருங்கள். பூவாணம் கொளுத்தும் பெண். சிவப்புக்கு ஒரு முறை, மஞ்சளுக்கு ஒரு முறை, நீலத்துக்கு ஒரு முறை என்று அச்சுக்காரன் தனித்தனியாக அச்சடித்திருக்கிறான். நீலம் அரை நூல் விலகிவிட்டது. அதனால் அவளுக்கு இரண்டு மேலுதடு. இரண்டு உதட்டாலும் சிரிக்கிறாள்! அந்தச் சிரிப்புக்கு ஈடான சிரிப்பை இந்தக் கணினி கொடுக்குமா? கொடுக்குமா என்று கேட்கிறேன்! ஓவியர் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து, மூலையில் எறும்பு ஊர்ந்தது போலக் கையெழுத்துப் போட்டு, அதை நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் வீடு வீடாக அனுப்பிய காலம் அது.

இவற்றை எப்படிச் சேர்த்தேன்? காவேரிப்பட்டினத்தில் ஒரு பலசரக்குக் கடையில் புளி மடித்துக் கொடுத்த அட்டையை, புளியைக் கீழே கொட்டிவிட்டு எடுத்து வந்தேன். குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஓர் ஆட்டின் வாயில் பொங்கல் மலரின் முகப்பைக் கண்டேன். பாதி உள்ளே, பாதி வெளியே. அந்த ஆட்டோடு அரை மணி நேரம் பேச்சுவார்த்தை நடத்தினேன். தாஜா செய்தேன், தழை காட்டினேன், தாடியைத் தடவினேன். கடைசியில் ஆடு எனக்குக் கரும்பைக் கொடுத்தது, தனக்குப் பானையை வைத்துக்கொண்டது. அந்தப் பாதிக் கரும்பு அட்டைதான் வாசலில் உங்களை வரவேற்கிறது.

ஆனால் தோழர்களே, பெரும்பான்மை எனக்குக் கிடைத்தது கிருஷ்ணப்பனின் பழைய பேப்பர் கடையில். பாகலூர் ரோட்டில் தகரக் கொட்டகை, வெளியே தராசு. எனக்கு இருப்பது இரண்டு அறை வீடு. கட்டுக்கட்டாக இதழ் கொண்டுபோனால், "புஸ்தகத்துல கரப்பான் வருதா, கரப்பான்ல புஸ்தகம் வருதான்னே தெரியல, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்பாள் பூங்கொடி. ஆகவே நான் ஓர் அறிவாளித்தனம் செய்தேன். கடையிலேயே நின்று அட்டையை மட்டும் அழகாகக் கிழித்து எடுத்துக்கொள்வேன். உள்ளே இருக்கும் எழுத்தையெல்லாம் கிருஷ்ணப்பனிடமே திருப்பிப் போட்டுவிட்டு வருவேன்.

கிருஷ்ணப்பன் கேட்பார். "ஏன் சார், தலைய மட்டும் எடுத்துக்கினு ஒடம்ப என்கிட்டயே வுட்டுட்டு போறியே, இது நியாயமா?"

"கிருஷ்ணப்பா, அழகு முகத்தில்தான் இருக்கிறது" என்பேன்.

"இருந்துட்டுப் போவுது. எனக்கு எடை இருந்தா சரி" என்பார்.

எட்டு வருடம் இப்படிக் கிழித்தேன். கைகூசாமல் கிழித்தேன். கலைக்காகக் கிழிக்கிறேன் என்று கழுத்தை நிமிர்த்திக்கொண்டு கிழித்தேன்!

கிழித்த அட்டைகளைப் பேக்கிங் பெட்டிப் பலகையில் ஒட்டி வீட்டுச் சுவரெல்லாம் மாட்டினேன். ஒருநாள் நம் தலைவர் ஐயா வீட்டுக்கு வந்தார். வந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, மைதா பசையா? சினிமா போஸ்டர் ஒட்டுற வேலையா பார்த்துக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பக்கத்தில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். எனக்கு எப்படி இருக்கும்? நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்: "ஐயா, இது ஜெர்மன் பசை. ஆகாய விமானத்தின் இறக்கையை ஒட்டுகிற பசை. ஒட்டினால் ஒட்டியதுதான். பலகை பிளந்தாலும் படம் பிரியாது."

மறுநாள் தொழிற்சாலை முழுக்க ஜெர்மன் பசைதான் பேச்சு. கேன்டீனில் இரண்டு பேர் அதன் பெயரைக்கூடச் சொன்னார்கள். நானே அந்தப் பெயரை அவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது கதைக்கு வருகிறேன். சிப்காட் இரண்டாவது கேட்டுக்கு எதிரில் இருக்கும் கருப்பாயி மெஸ்ஸைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் உண்டா? கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை. தூக்கினால் அவர் பட்டினி கிடப்பவராக இருக்க வேண்டும்! சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, கணவர் காலமான பின்பு தனியாளாக நின்று, இத்தனை பேருக்கும் சோறு போடுகிற அந்தக் கருப்பாயி அக்கா, பார்சல் மடிக்கக் கிருஷ்ணப்பன் கடையிலிருந்துதான் பழைய இதழ்களை எடைக்கு வாங்குவார். மதியப் பந்தி முடிந்தால் மடிப்பதற்கு முன் ஒவ்வொன்றாகப் படிப்பார். அட்டையில்லாத இதழ்கள். ஆம் தோழர்களே, நான் தலையெடுத்த உடல்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அது எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

போன ஆனி மாதம் ஒருநாள் மூன்றாவது தோசையை நான் தொட்டிருக்கிறேன். கிருஷ்ணப்பனும் எதிர் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். சமையலறையிலிருந்து அக்கா ஓடி வருகிறார். கையில் அட்டையில்லாத ஓர் இதழ்.

"ஏய் கிருஷ்ணப்பா! இதோட அட்டைய எவன்யா பிச்சது?"

கிருஷ்ணப்பன் வாய் நிறைய இட்லி. விரலை மட்டும் என் பக்கம் நீட்டினார். சாட்சி சொல்ல வந்த மனிதனுக்கு இவ்வளவு சுறுசுறுப்பு ஆகாது!

"அண்ணே, நீங்களா? சந்தனச்சிமிழ், எழுபத்தஞ்சு, மே மாசம். அட்டையில என்ன படம் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

எனக்கா ஞாபகம் இருக்காது? "மஞ்சள் குடை பிடித்த பெண், அக்கா. பின்னால் மழை. என் வீட்டு முன்னறையில் நடுநாயகமாக மாட்டியிருக்கிறேன். அதைக் கேட்டுப் பெங்களூரிலிருந்து ஒருவர் காரிலேயே வந்தார்" என்றேன்.

பூங்கொடி அங்கிருந்து ஏதோ சொல்கிறாள். சரி, சரி. கார்க்காரர் வழி கேட்கத்தான் வந்தார். ஆனால் வழி கேட்கும்போது படத்தைப் பார்த்தாரா, இல்லையா?

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதழைப் பிரித்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சிறுகதை. தலைப்பு 'சங்கு ஊதியாச்சு'. அதன் கீழே எழுதியவர் பெயர். வி. கருப்பாயி.

என் கையில் இருந்த தோசை கையிலேயே நின்றது!

பத்தொன்பது வயதில் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு கதை. ஒரு பஞ்சாலைப் பெண்ணின் கதை. பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். ஆலைச் சங்கு ஊதும் நேரம் நெருங்குகிறது. மாப்பிள்ளையின் தாயார் பெண்ணைப் பாடச் சொல்கிறாள். எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் வாயைத் திறந்தாள். அவ்வளவுதான், பக்கம் முடிந்தது. கீழே பொடி எழுத்தில், 'தொடர்ச்சி அட்டையின் உட்பக்கம்'.

உட்பக்கம் எங்கே? என் பலகையில்! பசையில்! சுவரைப் பார்த்துக்கொண்டு!

"ஏன் அக்கா, எழுதிய உங்களுக்கே முடிவு தெரியாதா?" என்று கேட்டேன்.

"நா எழுதுனது தெரியும்ணே. அவுக போட்டதுதான் தெரியாது" என்றார். அஞ்சறைப் பெட்டிக்கு அடியிலிருந்து ஓர் அஞ்சலட்டையை எடுத்து வந்தார். முப்பத்திரண்டு வருட மஞ்சள். 'தங்கள் கதையை முடிவில் சிறு திருத்தத்துடன் வெளியிடுகிறோம்.' அது வந்த மாதமே கல்யாணம். இதழ் அக்கா பிறந்த ஊருக்குப் போயிருக்கிறது, இவர் ஓசூருக்கு வந்துவிட்டார். இதழை வாங்கிய வீட்டில் எவரோ எதற்கோ கொடுத்துவிட்டார்கள். இவர் கண்ணால் பார்க்கவே இல்லை.

"என் கதையில அந்தப் புள்ள பாடாதுண்ணே. எந்திரிச்சு வேலைக்குப் போயிரும். அந்த முடிவுக்காகத்தான் நா அத எழுதுனதே. அத மாத்தி, பாட வச்சு, தாலியக் கட்ட வச்சிருப்பாக. மாத்திட்டாகன்னு நெனச்சேன். அதுக்கு மேல பேனாவத் தொடல. இம்புட்டு வருசமும் அது ஒண்ணுதான் தெரியணும்னு கெடக்கேன். பாடுச்சா, பாடலையா?"

தோழர்களே, அந்த நொடியில் மெஸ்ஸில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கேட்டார்: "அத எடுக்க முடியுமாண்ணே?"

நான் பதில் சொல்லும் முன்பே நம் தொழிற்சாலைக்காரர் ஒருவர், பெயர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், "எங்க அக்கா எடுக்கிறது, அது ஜெர்மன் பசை ஆச்சே, ஏரோப்ளேன் றெக்கை ஒட்டுறது" என்றார்.

அக்காவின் முகம் அப்படியே வாடியது. "அப்டியா" என்றார். "சரி, விடுங்கண்ணே. நீங்க சாப்பிடுங்க." எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், தோசைக்கு. பதினொரு நாள், பெரியோர்களே, பதினொரு நாள் அந்த மெஸ்ஸில் சாப்பிட்டேன். தினமும் அக்கா பரிமாறுவார். ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஜெர்மன் பசைக்காரன் என்று பெயர் எடுத்துவிட்டேன். அந்தப் பெயரை எப்படி இழப்பேன்? அதுமட்டுமா? பசையை இளக்க வெந்நீர் ஆவி காட்டினால் என் குடைக்காரி என்ன ஆவாள்? என் மூவாயிரத்தில் முதன்மையானவள் அவள்! வீட்டுக்கு வந்து அவள் முன்னால் நிற்பேன். அவள் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பாள். முதுகுப்புறத்தில் இன்னொருத்தி முப்பத்திரண்டு வருடமாக வாயைத் திறந்தபடி நிற்கிறாள். ஒட்டியவன் நான்!

பன்னிரண்டாம் நாள் பூங்கொடி கேட்டாள். "ஏங்க, அந்தப் பசைய நாந்தான கிண்டிக் குடுத்தேன்? மைதாவும் மயில்துத்தமும். அதுல ஜெர்மன் எங்க வந்துச்சு?"

ஐயா தலைவர் அவர்களே, தண்ணீர் குடியுங்கள். ஆம். நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். அது மைதா பசை. சினிமா போஸ்டர் ஒட்டுகிற அதே பசை. பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். இத்தனை வருடம் உங்களையும், உங்கள் மூலம் ஒரு தொழிற்சாலையையும் ஏமாற்றினேன். இந்த மேடையில், இந்த ஒலிபெருக்கியில், இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். கைதட்டாதீர்கள்! சிரியுங்கள், பரவாயில்லை. அவரே சிரிக்கிறார் பாருங்கள்!

அன்று பிற்பகல், பந்தி முடிந்த நேரம், பலகையைத் தோளில் சுமந்துகொண்டு, பூங்கொடியையும் கிருஷ்ணப்பனையும் கூட்டிக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனேன். "அக்கா, அது மைதா பசை. மைதாவும் மயில்துத்தமும்தான்" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மைதாவா? அட பாவி மனுசா!" என்றார். அவ்வளவுதான் திட்டினார். உடனே, "ஆவி காட்ட இட்லிச் சட்டி வேணாம், துத்தம் வெசம். குளிக்கிற வெந்நி அண்டாவக் கொண்டா" என்று பூங்கொடியை விரட்டினார்.

அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பலகையைக் கவிழ்த்து நானும் கிருஷ்ணப்பனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். ஆவி ஏறியது. ஏற ஏற என் உயிர் இறங்கியது. கிருஷ்ணப்பன், "சார், மூல எழும்புது, இழுக்காத, நிதானம்" என்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழைய தோசைக் கரண்டி ஒன்றை அடியில் விட்டு அக்கா தள்ளினார் பாருங்கள், ஆயிரம் தோசை திருப்பிய அந்தக் கை! ஒரு முறுகல் ஒட்டாமல் எடுப்பது போல எடுத்தார். குடையின் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு மஞ்சள் போயிற்று. போகட்டும்! அவள் நனைந்தால்தான் என்ன?

அட்டையைத் திருப்பி மேசையில் போட்டு, ஈரத்துணியால் பசையைத் துடைத்தார் அக்கா. எழுத்து ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்தது. வந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நா பாக்க மாட்டேன். பூங்கொடி, நீயே படிச்சுச் சொல்லு."

பூங்கொடி படித்தாள்.

'"காபி ஆறிப் போகும், குடியுங்கள்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஐயோ!" என்று அம்மா கூப்பிட்டது வாசல் வரை கேட்டது. சங்கு அதற்கு மேல் கேட்டது. அவள் நடந்தாள்.'

பாடவில்லை, தாய்மார்களே! அவள் பாடவில்லை! நடந்துவிட்டாள்!

அக்கா திரும்பினார். வெடுக்கென்று அட்டையைப் பிடுங்கினார். ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். விரலை வைத்து எண்ணினார். பிறகு சொன்னார்: "நா நாலு ஐயோ எழுதியிருந்தேன். ஒண்ணுதான் போட்டிருக்காக. மூணத் தூக்கிட்டாக."

"அதுதானா அக்கா, சிறு திருத்தம்?" என்றேன்.

"அதுதான் போலருக்குண்ணே. தூக்குனதும் நல்லாத்தான் இருக்கு." அட்டையை மேசையில் வைத்தார். பிறகு, "மூணு ஐயோவுக்காவா நா முப்பத்திரெண்டு வருசம் கோவிச்சுக்கிட்டு இருந்தேன்?" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அழுகையும் அதிலேயே இருந்தது. பூங்கொடி சிரிக்க, கிருஷ்ணப்பன் சிரிக்க, நான் சிரிக்க, சாயங்காலச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அடுத்த மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அந்த அட்டைதான் நடு மேசையில் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நிற்கிறது. முன்னால் வந்தால் குடைக்காரி. சுற்றி வந்தால் செருப்பு மாட்டுகிறவள். எல்லோரும் சுற்றி வந்து பாருங்கள்.

என்னருமைப் பெருமக்களே! முகம் போதும் என்று நினைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு... ஆம், இன்று சரியான கணக்கே சொல்கிறேன்... முந்நூற்றுப் பன்னிரண்டு இதழ்களை முண்டமாக்கினேன். அதில் எத்தனை கதைகளின் முடிவு என் பசையில் இருக்கிறதோ! எத்தனை கருப்பாயிகள் எந்தெந்த ஊரில் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறார்களோ! வரைந்தவன் வாசலுக்கு அழைத்தான். எழுதியவள் உள்ளே உட்காரவைத்தாள். வாசலைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனவன் நான்! இனி ஒரு தாளைக் கிழிக்க மாட்டேன். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு மெஸ்ஸின் கொல்லையில் வெந்நீர் அண்டா கொதிக்கிறது. ஒவ்வொரு பலகையாக இறக்குகிறோம். இதுவரை நாற்பத்தேழு அட்டைகள் தத்தம் உடலைக் கண்டுபிடித்துவிட்டன. மிச்சத்துக்கு உங்கள் பரண்களைத் தேடுங்கள். அட்டையில்லாத இதழ் எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். கூலியாக நான் ஒரு தோசை வாங்கித் தருகிறேன். சரி, இரண்டு!

இன்னும் ஒரே ஒரு செய்தி. அட்டைக்கு ஆவி பிடித்த மறுநாள் கருப்பாயி அக்கா, பார்சல் எழுதும் நோட்டில் பின்பக்கத்திலிருந்து ஏதோ எழுதத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன், கரண்டியைக் காட்டினார். மூன்று மாதம் எழுதினார். போன வியாழக்கிழமை முடித்தார். வி. கருப்பாயியின் இரண்டாவது கதை. இந்த உலகத்தில் இன்னும் ஒருவரும் கேட்காத கதை. நானும் கேட்கவில்லை, ஆகவே அதைப் பற்றி என்னால் பெருமையடிக்க முடியவில்லை. அது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அதை அவர் இப்போது இந்த மேடையில் படிக்கப் போகிறார்.

அக்கா, தூணுக்குப் பின்னால் போகாதீர்கள். பூங்கொடி, கையைப் பிடித்துக் கூட்டி வா. தலைவர் ஐயா எழுந்து நிற்கிறார் பாருங்கள், அக்கா. நாம் எல்லோரும் எழுந்து நிற்போம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பொய்யைப் பொறுத்த தலைவருக்கும், பசை கிண்டிய பூங்கொடிக்கும், பலகை பிடித்த கிருஷ்ணப்பனுக்கும், சிரித்த உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் வீடுகள் நல்ல சோறும் நல்ல எழுத்துமாகச் செழிக்கட்டும். வணக்கம்.

ஒலிபெருக்கிக்காரரே, அக்கா என்னைவிட உயரம் குறைவு. இந்த மைக்கைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள்.